வெயிலில் தெரியாத தீ

பகல் பன்னிரண்டு இருபது. மும்பை சீத்தா கேம்பில் தம்பி வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியதும் முதலில் பார்த்தது ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் தண்ணீர் போல ஏதோ இருந்தது. பக்கத்தில் தம்பி தீப்பெட்டியோடு குந்தியிருந்தான். ஆலைச் சங்கு நேரம் தவறி ஒலித்தால் விபத்தென்று பிள்ளைகளைத் தேடி ஓடும் பகுதி இது. தீப்பெட்டியைப் பார்த்ததுமே ஓர் அடி தள்ளி நின்றுகொண்டேன்.

தட்டில் இருந்தது மெத்தனால். டிராம்பே பக்கம் ஒரு சோதனை ஆலையில் அவன் ஆபரேட்டர். புகைபோக்கியில் பிடித்த கரியமில வாயுவோடு, சூரிய மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த ஹைட்ரஜனைச் சேர்த்து அங்கே எரிபொருள் செய்கிறார்கள். வெளியே கொண்டுவரக் கூடாததை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தான், மனைவியின் கேலி பொறுக்காமல்.

"பொகையில பெட்ரோல் எடுக்காவளாம், மதினி," என்றாள் அவள் என்னிடம். "வீட்டுல கேஸ் அடுப்பு பத்தவைக்கத் தெரியாது இவுகளுக்கு."

"பாத்துக்கிட்டே இரு," என்று தம்பி தீக்குச்சியை உரசித் தட்டில் போட்டான்.

ஒன்றும் தெரியவில்லை. உச்சி வெயிலில் தட்டு மினுங்கியது, அவ்வளவுதான்.

"இதுக்கா சம்பளம் குடுக்கான்?" என்று சிரித்தபடி அவள் தட்டை எடுக்கக் குனிந்தாள். விளிம்பு சுட்டது. கையை உதறியதில் தட்டு கவிழ்ந்தது. சரிவான சிமென்ட் தரையில் ஈரம் தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடியது. தொட்டியடியில் அவர்களுடைய ஆறு வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். தரையில் தீ என்று எதுவும் இல்லை. தொட்டியின் கால்கள் மட்டும் நெளிவது போலத் தெரிந்தன.

சத்தம் கேட்டுக் குழந்தை எழுந்து எங்களை நோக்கி ஓர் அடி வைத்தது.

"ஸ்டாச்சூ," என்றான் தம்பி. கத்தவில்லை. ‘ஓவர்’ சொல்லும்வரை சிலையாக நிற்க வேண்டிய விளையாட்டில் சொல்வது போலவே சொன்னான். குழந்தை ஒரு கால் முன்னே வைத்தபடி அப்படியே நின்றது.

ஹைட்ரஜன் எரிந்தால் பகலில் தெரியாது, மெத்தனாலும் அப்படித்தான், ஆலையில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்போம் என்று அவன் ஒருமுறை சொன்னபோது நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சுவரோரம் கிடந்த ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்து நீட்டியபடி மெல்ல நடந்தான். வெறும் காற்றில் அதன் நுனி மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. அங்கிருந்து குழந்தையின் கால் ஒரு விரற்கடை தூரம்.

"ஊத்து லாத்தா. நெறைய ஊத்து," என்றான் என்னிடம்.

மாடிப்படியோரம் டிரம்மில் இருந்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். அணைந்ததா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தம்பி துடைப்பத்தின் எரிந்த நுனியை ஒடித்துப்போட்டுவிட்டு மறுபடியும் நீட்டிப் பார்த்தான். பற்றவில்லை. இன்னொரு பக்கம் நீட்டினான். அங்கும் பற்றவில்லை.

குழந்தை இன்னும் அசையாமல் நின்றது.

"வாப்பா, ஓவர் சொல்லுங்க. கால் வலிக்கு."

அவன் இன்னும் துடைப்பத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவிதான் ‘ஓவர்’ சொன்னாள்.

குழந்தை காலை எடுக்கப் பார்த்தது; அதன் வலது செருப்பின் முனை உருகித் தரையோடு ஒட்டியிருந்தது.