நம்ம கதவை நாம தட்டுறதுக்கும் காசா

அக்காவின் ஃபோன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். அந்த விரிசலுக்குள் இறங்கிய திருநீறு எவ்வளவு துடைத்தும் வெளியே வரவில்லை. காலையில் சாமி கும்பிட்டு, நெற்றியில் பூசிய கையோடு அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டுவது அக்காவின் வழக்கம். எங்கள் கடைக்கு அதுதான் போணி.

மற்ற கடைகளில் “என்னண்ணே, போணி ஆச்சா?” என்று கேட்டுக்கொள்வார்கள். எங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். கோரிப்பாளையத்தில், இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிற கடை அது. வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டால், யார் வீட்டிலாவது இழவு விழட்டும் என்று கேட்டதாகிவிடும். அதனால் அக்கா சாமியிடம் எதுவும் கேட்டதில்லை. ஃபோனில் ‘மதுரை ஃப்ரீசர் பெட்டி’ என்று தேடுவார். எங்கள் கடைப் பெயர் வந்ததும் ஆள்காட்டி விரலால் தட்டுவார். கடைக் கதவைத் திறந்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை, முதலாளி. புருஷன் போன பிறகு ஒற்றையாளாக அந்தக் கடையை நடத்தியவர். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் அவரிடம் ஃபோன் எடுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். ஃபோன் அடித்தால் எனக்குப் பயம், யார் வீட்டு அழுகையோ என்று. அடிக்காவிட்டாலும் பயம், வேலை போய்விடுமோ என்று. “ஒன்னய மாதிரி ஆளுக்குத்தான்டா இந்தத் தொழிலு. சிரிச்சமூஞ்சிக்காரன் போன எடுத்தா அடிப்பாய்ங்க” என்பார் அக்கா.

நான் சேர்ந்த புதிதில் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தேடினால் இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள் வரும். எங்கள் பெயர்தான் முதலில் நிற்கும். காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்கள் வலது ஓரத்தில், பந்தலுக்கு வெளியே நிற்கிற கூட்டம் மாதிரி ஒதுங்கி நிற்கும். “அவுக காசு குடுத்து நிக்கிறாக. நாம பேர் சொல்லி நிக்கிறோம்” என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் வலது ஓரம் காலியாகக் கிடந்தது. ஒழிந்தார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மேலே பார்த்தேன். அத்தனை பேரும் எங்கள் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளம்பரம் என்று காட்டும் குறி முதலில் மஞ்சளாக இருந்தது, பச்சையானது, பிறகு மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாகிவிட்டது. அதற்குள் ஊரே கம்ப்யூட்டரை விட்டு ஃபோனுக்கு மாறியிருந்தது. ஃபோனில் ஏது ஓரம்? திறந்தவுடன் விளம்பரங்கள்தான் கண்ணாடி முழுக்க. விரலால் தள்ளிக் கீழே போனால்தான் நாங்கள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு எவன் தள்ளிப் பார்ப்பான்?

பெட்டி வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கு மட்டும் எல்லாமே கிண்டல். “அக்காவும் மேல போகணுங்குது, நம்ம பார்ட்டியும் மேல போறாக. ரெண்டு பேருக்கும் ஒரே ரூட்டுதான் மாப்ள” என்பார்.

முதலில் நின்ற விளம்பரக்காரனுக்கு மதுரையில் ஒரு பெட்டிகூடக் கிடையாது. எங்கோ வெளியூரில் உட்கார்ந்து ஃபோனை மட்டும் எடுப்பான். எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடுவான். “பெட்டி இருக்காண்ணே?” பெட்டி எங்களுடையது, வண்டி எங்களுடையது, இழவு வீட்டில் சொல்லும் பெயர் அவனுடையது. வாடகையில் பாதிக்கு மேல் அவனுக்கு. முடியாது என்று சொல்லலாம்தான். ஆனால் அங்கே ஓர் உடம்பு காத்துக் கிடக்கிறதே.

பொறுக்க முடியாமல் அக்காவும் விளம்பரம் போட்டார். எங்கள் பெயர் மீண்டும் மேலே வந்த காலையில் ஊருக்கெல்லாம் கேசரி கொடுக்காத குறை. எங்களையும் தட்டச் சொன்னார். டீக்கடைக்காரரைத் தட்டச் சொன்னார். பரவை மார்க்கெட்டில் காய்கறி ஏவாரம் பார்க்கும் தன் தம்பி குடும்பத்துக்கும் ஃபோன் போட்டு, “எல்லாரும் ஒரு தட்டுத் தட்டுங்கப்பா, கைராசி” என்றார். தினமும் இதே போணி. கொஞ்ச நாளில், மதியத்துக்கு மேல் எங்கள் விளம்பரமே தென்படாமல் போனது. போட்டுக்கொடுத்த பையனைக் கூப்பிட்டேன்.

“ஒவ்வொரு தட்டுக்கும் காசுண்ணே. ஒருநாளைக்கு இம்புட்டுத்தான்னு வச்சிருக்கோம்ல, அது காலையிலயே தீந்துருது. சொந்த ஆளுக தட்டக் கூடாதுண்ணே.”

அக்காவிடம் சொன்னேன். “நம்ம கதவ நாம தட்டுறதுக்கும் காசாடா?” என்றார். மறுநாள் காலை விரல் கண்ணாடிவரை வந்தது, தொடாமல் நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் கடையில் போணி கிடையாது. விளம்பரத்தை நிறுத்தினால் ஃபோன் அடிக்கவில்லை. போட்டால் வருவதை அதுவே தின்றது. வெளியூர்க்காரனை விடவும் வழியில்லை. கடைசியில் எங்கள் பெட்டிகள் எல்லாம் அவன் பெயரில்தான் ஊர் சுற்றின.

அக்கா போனது ஒரு மத்தியான வேளை. சாப்பிட்டுவிட்டு, கடையை ஒட்டிய தன் வீட்டில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கென்று எங்கள் பெட்டி ஒன்றுகூடக் கடையில் இல்லை. எல்லாம் அந்த வெளியூர்க்காரன் சொன்ன வீடுகளில். தெரிந்த கடைகளுக்கு அடித்தேன், அங்கேயும் இல்லை. அக்காவின் ஃபோனைத்தான் எடுத்தேன். தேடினேன். முதலில் வந்ததைத் தட்டினேன். யாருடைய விளம்பரம் என்று தெரிந்துதான் தட்டினேன், எங்கிருந்தாவது ஒரு பெட்டி பிடித்துத் தந்துவிட மாட்டானா என்று. யாரோ ஒரு புதுக்குரல் விலாசத்தைக் கேட்டு, “உடனே வந்துரும் சார், கவலப்படாதீங்க” என்றது.

வைத்த சூட்டில் என் சட்டைப்பையில் கடை ஃபோன் அடித்தது. வெளியூர்க்காரனின் பழகிய குரல்.

“அண்ணே, பெட்டி இருக்கா? கோரிப்பாளையந்தான், ஒங்களுக்குப் பக்கம். லேடீஸ்.”

டிரைவர் அண்ணன், “யார்றா?” என்றார்.

“நம்மகிட்டதாண்ணே கேக்குறாய்ங்க.”

அந்த மனுஷன் கிண்டல் பண்ணாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, “இல்லப்பா” என்று ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டு, சிம்மக்கல்லுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐஸ் பாளம் வாங்கி வந்தார். சாயங்காலம் எங்கள் பெட்டி ஒன்று திரும்பும்வரை அக்கா அந்த ஐஸ்மேல்தான் கிடந்தார். இழவு வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. சொல்லாமல்தான் வந்தேன்.

இப்போது கடை பரவைத் தம்பியின் பொறுப்பில் இருக்கிறது. ஃபோன் எடுப்பவன் நான்தான்; வேறு எங்கே போக? விளம்பரம் போடுகிறோம். போடாமல் முடியாது. காலையில் அக்காவின் ஃபோனில் தேடிப் பார்க்கிறேன், பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் பெயர் மேலேதான் நிற்கிறது, பக்கத்தில் திருநீறு ஏறிய விரிசல். விரல் அதுவாகப் போகிறது. கண்ணாடிக்கு மேலே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கடை ஃபோன் அடிக்கிறதா என்று காது கொடுக்கிறேன்.