எங்கள் எஸ்டேட்டில் ஒரு அங்கிள்

பெர்னதெத் எந்த மண்டபத்தில் பேசினாலும் முதலில் அந்த அங்கிள் கதையைத்தான் எடுப்பாள். "எங்கள் எஸ்டேட்டில் ஒரு அங்கிள் இருந்தார். கிளவுட் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கினேன். எல்லாக் கணக்கும் இனிமேல் மேகத்தில் இருக்கும் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார், அப்படியானால் மழை பெய்தால் என்ன ஆகும்?"

மண்டபம் சிரிக்கும். அவளுக்குப் பின்னால் திரையில் ஒரு கேலிச்சித்திரம் தோன்றும். கைலி கட்டிய, தொப்பை விழுந்த ஒருவர் வாயைப் பிளந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் முகுந்தன் வரைந்து கொடுத்த படம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

அந்த அங்கிள் அவளுடைய அப்பா. பெயர் எட்மண்ட். லிங்கிப் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இது முகுந்தனுக்கும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது.

எட்மண்ட் சிரிக்காமல் பேசுகிற மனிதர். துக்க வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் பயப்படுவார்கள். எந்த நேரத்தில் என்ன சொல்லிச் சிரிக்கவைத்து மானத்தை வாங்குவாரோ தெரியாது. பெர்னதெத் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "நம்ம லாரி வேதக்கார லாரி, ஞாயித்துக்கிழமையில ரிவர்ஸ் போகாது" என்று சொல்லிவைத்தார். அவள் அதைத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையிடம் போய்ச் சொல்லி, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்து, "டீச்சர் இந்து. அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார், முகம் மாறாமல்.

அப்புறம் அவள் படித்தாள். இடைநிலைப்பள்ளி, மெட்ரிகுலேஷன், கணினிப் பட்டம். அந்த எஸ்டேட் வரிசையிலிருந்து பட்டமளிப்பு அங்கி போட்ட முதல் ஆள் அவள்தான். படிக்கப் படிக்க வீட்டில் நடக்கும் பேச்சு அவளுக்கு எளிதாகிக்கொண்டே போனது, அல்லது எளிது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா கேட்பதெல்லாம் தெரியாமல் கேட்பது, அம்மா சொல்வதெல்லாம் பயத்தில் சொல்வது என்று மனத்துக்குள் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அந்த முடிவைத் திரும்ப எடுத்துப் பார்க்க ஏன் ஒருநாளும் தோன்றவில்லை என்று பிற்பாடு தன்னையே கேட்டுக்கொண்டாள்.

வேலை கிடைத்த கம்பெனியின் பெயர் பாயோங். மலாயில் குடை என்று அர்த்தம். அது முதலில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினி அறையாகத்தான் இருந்தது. ஆண்டு முடிவில் அந்த இயந்திரங்கள் மூச்சு முட்ட ஓடும். மற்ற மாதங்களில் குளிர் அறைக்குள் சும்மா உறுமிக்கொண்டு கிடக்கும். சும்மா கிடக்கிற நேரத்தை வாடகைக்கு விட்டால் என்ன என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. முதலில் மற்றவர்களின் கோப்புகளை வைத்துக்கொள்ள இடம் மட்டும் கொடுத்தார்கள். பிறகு முழுக் கணினியையே மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். பிறகு தரவுத்தளம், அதற்கு நகல் எடுத்து வைக்கும் சேவை, இயந்திரத்தைப் பற்றிய கவலையே உனக்கு வேண்டாம், நிரலை மட்டும் எழுதிக் கொண்டு வா என்கிற சேவை. போன வருடம் செம்பனைக் குலையின் படத்தை அனுப்பினால் பழுத்ததா காயா என்று சொல்கிற ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். இப்போது மந்தினுக்கு வெளியே சன்னலில்லாத பெரிய கட்டடம் அவர்களுக்கு இருக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் வடக்கே இன்னொரு கட்டடத்திலும் நகலாக இருக்கும். ஒன்றில் வெள்ளம் வந்தாலும் மற்றது ஓடும்.

இதையெல்லாம் வாங்கப்போகிறவர்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் பெர்னதெத்தின் வேலை. மந்தினில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

வேலை கிடைத்த புதிதில், பயிற்சியின்போது, எல்லாரும் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும் என்றார்கள். அவளுக்கு வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தபோது "எங்க அப்பா" என்றுதான் வந்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். முகுந்தனின் அப்பா வக்கீல். பக்கத்திலிருந்த பெண்ணின் அப்பா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். "எங்கள் எஸ்டேட்டில் ஒரு அங்கிள்" என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "இதை விட்டுடாத, பெர்ன்" என்றார் மேலாளர். அவள் விடவில்லை.

*

அம்பாங்கானில் ஒரு மண்டபத்தில் பாயோங் ஏற்பாடு செய்த கூட்டம். காலையில் கம்பெனிக்காரர்களுக்கு மலாயில். மத்தியானம் சிறு வியாபாரிகளுக்குத் தமிழில். இரண்டிலும் பெர்னதெத்தான் பேச்சாளர்.

காலையில் அவள் மேடையேறி, வணக்கம் சொல்லி, கதையைத் தொடங்கியபோது பின்பக்கச் சுவர் ஓரமாக அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தாள். அந்த அடுக்கின் மேல் கைவைத்து எட்மண்ட் நின்றுகொண்டிருந்தார். முதுகில் ‘தர்மேந்திரன் கெனோப்பி’ என்று எழுதிய நீலச் சட்டை. எஸ்டேட் வேலை முடிந்தபின் அவர் தர்மேந்திரனிடம்தான் வேன் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தலும் நாற்காலியும் கொண்டுபோய்ப் போடுகிற தொழில். இந்த மண்டபத்துக்கும் நாற்காலி அவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. மகள் பேசுவதைக் கேட்கவேண்டும் என்றே இந்தச் சவாரியை அவர் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கள் எஸ்டேட்டில் ஒரு" என்பது வரை வாயிலிருந்து வந்துவிட்டிருந்தது. அடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு இருந்தது. அந்த மூச்சில் மாற்றியிருக்கலாம். அவள் மாற்றவில்லை.

"அங்கிள்."

மண்டபம் சிரித்தது. திரையில் கைலிக்காரர் வாயைப் பிளந்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு பின்னாலிருந்து ஒற்றைச் சிரிப்பு கேட்டது. எட்மண்டுக்கு மலாய் நன்றாகவே வரும். புரியாமல் சிரிக்கவில்லை.

மீதிப் பேச்சை எப்படிப் பேசி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்தாள். எட்மண்ட் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வர்றேன்னு சொல்லவே இல்லயே."

"நாக்காலிதானம்மா வந்துச்சு. நான் அதுகூட வந்தேன்." ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லாத்தான் பேசுன. பயமே இல்ல."

அவர் மீனில் முள்ளை எடுத்தார்.

"அந்த அங்கிள் யாரும்மா? எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"சும்மாப்பா. கதைக்கு."

"ஓ." முள்ளை ஓரமாக வைத்தார். "வாளிய மறந்துட்டாரு போல அந்த அங்கிள்."

அவள் காதில் ‘வாளி’ விழவேயில்லை. ‘அந்த அங்கிள்’ மட்டும்தான் விழுந்தது. அப்பா மனம் நொந்துபோய், அதைக் காட்டிக்கொள்ளாமல் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அது யார் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"சரி, நான் லிங்கிக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று அவர் கையைக் கழுவினார். "மத்தியானக் கூட்டத்துக்கு நம்ம ஆளுங்க வர்றாங்க. புஷ்பவள்ளி, நம்ம மொதலாளி தர்மேந்திரன் தவுக்கே, எல்லாரும். வேன்ல ஏத்திட்டு வந்துர்றேன்."

காலையில் சிரித்தவர்களுக்கு அங்கிள் யாரோ ஒருவர். எஸ்டேட் ஆட்களுக்கு அப்படி இருக்காது. அவர்கள் முன்னால் அந்தப் படத்தைப் போட்டால், அப்பாவை அவருடைய சொந்த சனங்களே பார்த்துச் சிரிப்பார்கள். அதைச் செய்தது மகள் என்றும் தெரிந்துவிடும்.

பெர்னதெத் உள்ளே போய்க் கணினியைத் திறந்து அந்தப் படத்தை அழித்தாள்.

"ஏய், என்ன பண்ற?" என்றான் முகுந்தன். "அதுதானே உன் பெஸ்ட் பார்ட்டு!"

"தமிழ் ஆளுங்களுக்கு அது எடுபடாது."

பொய் சொல்வது இவ்வளவு எளிதா என்று அவளுக்கே திடுக்கிட்டது.

*

மத்தியானம் எட்மண்ட் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தர்மேந்திரன். மறுபக்கம் அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளி, வீட்டிலேயே முறுக்குப் போட்டுப் போனில் விற்கிறவர்.

காலையில் வந்த கம்பெனிக்காரர்களோடு முகுந்தன் வெளியே போயிருந்தான். பெர்னதெத் கதையில்லாமல் நேராகத் தொடங்கினாள். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி என்றாள். பிடித்த தண்ணீருக்கு மட்டும் காசு. கல்யாண மாதத்தில் கூடப் பிடி, ஆடி மாதத்தில் குறைத்துக்கொள் என்றாள்.

தர்மேந்திரன் கையைத் தூக்கினார். "எம் புக்கிங் எல்லாம் இந்தப் போன்லதான்மா கெடக்கு. ஆத்துல விழுந்துச்சுன்னா?"

"பாயோங்ல வச்சா, போன் விழுந்தாலும் புக்கிங் விழாதுங்க. வேற போன்ல அப்படியே எடுத்துக்கலாம். மந்தின்ல ஒரு நகல், வடக்க ஒரு நகல் இருக்கும்."

"என் சம்சாரம் எடுத்துப் பாக்க முடியுமா?"

"நீங்க அனுமதி குடுத்தாத்தான்."

"அப்ப நாளைக்கே சேத்துரு" என்றார். வரிசை சிரித்தது.

நன்றாகத்தான் போனது. ஆனால் முன்வரிசையில் ஏதோ சரியில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புஷ்பவள்ளி எட்மண்டின் காதில் எதையோ கேட்டார். எட்மண்ட் ‘பொறு’ என்பதுபோல் கையைக் காட்டினார். திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் அவர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு முடிகிற கட்டத்தில் அவர் நிமிர்வதை நிறுத்தி, கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கேள்வி நேரத்தில் புஷ்பவள்ளி பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"ஏம்மா பெர்னா, அந்த மழ ஜோக்கு வரவே இல்லயே? ஒங்கப்பா வேன்ல வர்ற வழியெல்லாம் பீத்திக்கிட்டு வந்தாரு. ‘எம்பொண்ணு நான் சொன்ன ஜோக்கத்தான் பெரிய பெரிய ஆளுங்ககிட்ட சொல்லுது, காலையில ஹாலே சிரிச்சுச்சு, வந்து பாருங்க’ன்னு!"

நான் சொன்ன ஜோக்கு. அவர் காத்திருந்திருக்கிறார். தன் முன்னால் ஒருமுறை திருடப்பட்டதைக்கூடப் பெருமையாக எடுத்துக்கொண்டு ஆள் கூட்டி வந்திருக்கிறார். அவளோ, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதையும் பிடுங்கிவிட்டாள்.

"அப்பா," என்றாள். ஒலிவாங்கியைக் கீழே நீட்டினாள். "நீங்களே சொல்லுங்களேன்."

எட்மண்ட் எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். தொண்டையைச் செருமினார். முகத்தில் சிரிப்பில்லை.

"இந்தப் பிள்ளைக்கு வேல கெடச்ச அன்னைக்கு நல்ல மழ. கூர ஒழுகுது. எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேஞ்சுச்சு. இது வந்து, ‘அப்பா, இனிமே எல்லாரு கணக்கும் கிளவுட்லதான் இருக்கும்’னுச்சு. நான் வாளியக் கொண்டாந்து ஒழுகுற எடத்துல வச்சுட்டுக் கேட்டேன். ‘ஏம்மா, அப்ப கிராணியோட பேங்குக் கணக்கு இந்த வாளியில ஒழுகுமா? ஒழுகுச்சுன்னா திருப்பிக் குடுக்கணுமா, இல்ல நம்ம கூரய மாத்திக்கலாமா?’"

தர்மேந்திரன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பின்வரிசையில் யாரோ, "குடுக்காதய்யா, கூரய மாத்து!" என்று கத்தினார்கள். எட்மண்ட் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"இது சிரிக்கல. என்னய உக்காரவச்சு, தாள எடுத்து, படம் வரைஞ்சு, சோறு ஆறிப்போற வரைக்கும் பாடம் எடுத்துச்சு. நானும் நல்ல புள்ளையாத் தலைய ஆட்டுனேன்." மேடையைப் பார்த்தார். "இன்னுமா புரியல ஒனக்கு?"

காலையில் கேட்டதைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. இந்த முறை சிரிப்புக்கு ஆளானது அவள். அந்த வாளி நினைவுக்கு வந்தது. பச்சை வாளி. அதை அவர் தூக்கிக்கொண்டு வந்ததையும், தான் அதைத் தாண்டிப் போய்த் தாள் தேடியதையும் நினைத்தாள். இத்தனை மண்டபங்களில் அவள் காட்டிச் சிரிக்கவைத்தது தன் அப்பாவின் அறியாமையை அல்ல. அவருடைய கேலியை வாளியில்லாமல், கிராணியில்லாமல், ஒழுகும் கூரையில்லாமல், அவரே இல்லாமல் ஆக்கி விற்றிருக்கிறாள்.

*

கூட்டம் கலைந்தது. எட்மண்ட் மறுபடி நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலிகளை அடுக்கினார். பெர்னதெத்தும் குனிந்து அடுக்கினாள். புஷ்பவள்ளியும் மற்றவர்களும் கதவோரம் வேனுக்குக் காத்திருந்தார்கள்.

"மத்தியானம் ஏம்மா அத எடுத்துட்ட?"

"ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்பா."

"ஜோக்கத் தப்பாச் சொன்ன. அதுல என்ன இருக்கு, எல்லாரும் தப்பாத்தான் சொல்றாங்க." ஒரு நாற்காலியை மடக்கி அடுக்கில் வைத்தார். "அங்கிள்னு ஏன் சொன்ன?"

அவர் முகத்தில் சிரிப்பில்லை. பேசும்போது அந்த முகத்தில் எப்போதுதான் சிரிப்பு இருந்தது? இது கேலியா, கேள்வியா என்று இத்தனை வருடம் பார்த்த முகத்தில் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அடுத்த நாற்காலியை மடக்கினாள்.

அப்போதுதான் திரும்பி வந்த முகுந்தன் மேடைப் பக்கமிருந்து கூப்பிட்டான். "அங்கிள்! இங்க இன்னும் ரெண்டு நாக்காலி இருக்கு!"

"இந்தா வர்றேன் தம்பி."

"அங்கிள் இல்ல!" என்று கத்தினாள் பெர்னதெத். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "எங்கப்பா. அவரு எங்கப்பா!"

முகுந்தன் கையில் நாற்காலியோடு அப்படியே நின்றான். கதவோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்மண்ட் அடுக்கின் மேல் கைவைத்து மூச்சு வாங்கினார்.

"கத்தாதம்மா," என்றார் மெதுவாக. "இங்க எல்லாருக்கும் தெரியும். அந்தத் தம்பி ஒருத்தருக்குத்தான் தெரியாது."