வெள்ளைக் கவுன் இருக்கும் பக்கம்

திண்டுக்கல் துணிக்கடை ஒன்றின் இணையதளத்தை நான்தான் வடிவமைத்தேன். அந்தக் கடையின் குழந்தைகள் பிரிவில் ஒரு விற்பனைப் பெண். கழுத்தில் அளவு டேப் தொங்கும். "யாருக்கு, எதுக்கு?" என்று கேட்காமல் ஒரு துணியையும் எடுத்துப் போட மாட்டார்.

என் பக்கத்தைப் போனில் பார்த்தவர், "வெள்ளைக் கவுன் எங்கண்ணே?" என்றார்.

"பார்ட்டி உடைகள்ல இருக்கு."

"சர்ச்சுல புதுநன்மை வாங்கப்போற பிள்ளைக்கு எந்த அம்மா பார்ட்டியில போயித் தேடுவா?"

அன்றே புதுநன்மை, காதுகுத்து, சடங்கு என்று பிரிவுகளை மாற்றினேன். வெள்ளைக் கவுன்கள் மளமளவென்று விற்றன.

அடுத்த முறை போனபோது, ஒரு வாடிக்கையாளரிடம் போனை நீட்டி, "இந்தப் பக்கம் நான் போட்டது அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.