மனோகரி ரீச்சரின் ஆங்கிலத்தில் பிழை இருந்ததில்லை

மனோகரி ரீச்சர் போய்விட்ட செய்தியை அவருடைய கணவர்தான் தொலைபேசியில் சொன்னார். செத்தவீடு முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடி எடுத்தார்.

"முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நீர் ஒரு பக்கம் எழுதித் தாரும், சுகந்தி. அவவோடை கனகாலம் படிப்பிச்சது நீர்தானே."

ஓம் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடமொன்றில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தோம். அவர் புங்குடுதீவு, நான் நாரந்தனை. காலையில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் ஒன்றாகப் படகேறுவோம். கடல் குமுறினால் கண்ணை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொள்வார். அடங்கியதும் கையை விட்டுவிட்டு, ஒன்றும் நடவாததுபோலப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்குவார்.

ஒப்பீட்டு வாக்கியங்களில் அவர் கண் தப்பாது. ஒருநாள், நெடுந்தீவுக் கிணறுகள் ஊர்காவற்றுறைக் கிணறுகளைவிட உப்பு என்று சொல்ல, நான் கரும்பலகையில் "The wells of Delft are saltier than Kayts" என்று எழுதியிருந்தேன். யன்னலால் பார்த்துவிட்டு, இடைவேளையில் பிடித்தார்.

"என்ன சுகந்தி, கிணத்தைக் கொண்டுபோய் ஊரோடை நிறுக்கிறீர்? கிணத்தைக் கிணத்தோடை நிறும். than those of Kayts எண்டு எழுதும்."

"எப்பிடியும் விளங்குந்தானே ரீச்சர்?"

"விளங்கிறது வேறை, சரியாயிருக்கிறது வேறை."

பிறகு அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மத்தியானம் அவருக்கு வாயில் சோறு தீத்த வீட்டில் ஆளில்லை. என் வீட்டுக்குக் கிட்ட, கடல் தாண்டாமல் போகக்கூடிய ஊர்காவற்றுறைப் பக்கம் ஆங்கில ஆசிரியருக்கு ஓர் இடம் இருந்தது. இடமாற்றம் கேட்டு எழுதினேன். ஆங்கில ஆசிரியர்கள் ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும் என்று கல்வி அதிகாரி சொல்லியிருந்ததால் கடிதத்தை ரீச்சரிடம் கொடுத்தேன். படகிலேயே மூன்று இடம் திருத்தித் தந்தார். "இனி ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது" என்றார்.

இடமாற்ற விசாரணைக்குப் போனபோது அதிகாரி கேட்டார்:

"உம்மடை அப்பாவைப் பாக்கச் சொந்தக்காரர் இருக்கினமாமே?"

"ஆர் சேர் சொன்னது?"

மேசையிலிருந்த இன்னொரு கடிதத்தை என் பக்கம் திருப்பினார். அதே இடத்துக்கு ரீச்சரும் விண்ணப்பித்திருந்தார். "My hardships are greater than those of Miss Suganthi" என்று, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில். என் தந்தையைப் பக்கத்து வீட்டு உறவினர் பராமரிப்பதாக அடுத்த வரி. அந்த வீட்டார் கனடா போய்விட்டார்கள்; வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வளவுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நான்தான் பொறுக்கிக்கொண்டுபோய், ஆளில்லாத வீட்டு மாம்பழம் என்று சொல்லி ரீச்சருக்குக் கொடுப்பேன்.

கஷ்டத்தைக் கஷ்டத்தோடுதான் நிறுத்திருந்தார். இலக்கணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"இது பொய், சேர்."

"ரெண்டு பேரும் ரீச்சர்மார். நான் ஆரை நம்பிறது?"

இடம் அவருக்குக் கிடைத்தது. கடைசி நாள் இறங்குதுறையில் கேட்டேன்:

"ஏன் ரீச்சர்?"

"எனக்கு இனிக் கடல் ஏலாது, சுகந்தி."

"அதை எழுதியிருக்கலாமே?"

"இடம் கிடைக்க அது மட்டும் காணாது" என்றார். அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அடுத்த கார்த்திகையில் அப்பா கட்டிலால் விழுந்து இறந்தார். மத்தியானம். நான் கடலுக்கு அந்தப் பக்கம் வகுப்பில் நின்றேன். செத்தவீட்டுக்கு ரீச்சர் வந்தார். என்னைவிட அதிகம் அழுதார். "நல்ல மனுசன்" என்றார்.

அவரைப்போல ஒப்பீட்டு வாக்கியப் பாடத்தை எடுத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அவரிடம் கற்றதைத்தான் இன்றும் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் சரியாக எழுதுகிறார்கள். அதற்கு மனதார நன்றி. மற்றதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தப் பக்கம் வடிவாக முடியும். ஆனால் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானாகக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோபமும் அவர் தந்ததுதான். அதுவும் என்னிடம் இருக்கிறது.

ஐயா, நீங்கள் கேட்ட இந்தப் பக்கத்தைக் கல்வெட்டில் போடாவிட்டாலும் குறை நினைக்கமாட்டேன். போடுவதென்றால் முழுதாகப் போடுங்கள்.