பாவில் காய்ந்த கப்பல்

எங்கள் தெருவில் கப்பல் வந்து நின்ற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரிக்குக் கடல் கிடையாது. ஆறு உண்டு; அதில் தண்ணீர் வராத மாதங்களில் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம், வருகிற மாதங்களில் வேடிக்கை பார்ப்போம். அப்படிப்பட்ட ஊரில், கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர் வீட்டுக்குக் கப்பல் வந்தது என்றால் அது அட்டைப் பெட்டியில்தான் வந்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில்தான் வந்தது. நைனா, அதாவது என் அப்பா, அதை ஒரு புதுத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

அது வந்ததற்குக் காரணம் என்னுடைய புகழ். நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. நான் அதைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி மூடினேன். ஓட ஆரம்பித்துவிட்டது. காலையில் வேகமாகவும் மத்தியானத்துக்குமேல் சோம்பலாகவும் ஓடியது என்பது வேறு விஷயம். ஒரு திருகாணி மிச்சமானது யாருக்கும் தெரியாது, அதை என் டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். நைனா இந்தக் கதையைத் தறிக்கூடத்தில் போய்ச் சொன்னார். தறிகள் ஓடுகிற சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் பெருமையைக் கத்திச் சொன்னால் அது முதலாளி உட்கார்ந்திருக்கும் அறை வரைக்கும் போகும். போனது.

முதலாளிக்கு என் வயதில் ஒரு மகன். திருப்பதியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தவனுக்கு அவன் மாமா சென்னையிலிருந்து பிளாஸ்டிக் கப்பல் ஒன்று வாங்கி வந்திருந்தார். முழுக் கப்பல் இல்லை. துண்டு துண்டாக இருக்கும், நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் கண்காட்சியில் வைப்பதற்காம். பையன் ஒரு சாயங்காலம் ஒட்டிப் பார்த்திருக்கிறான். சேரவில்லை. தூக்கிப் போட்டுவிட்டான்.

முதலாளி நைனாவைக் கூப்பிட்டு, "உம் பையன் பெரிய எஞ்சினீராமே, அவன்கிட்ட குட்த்து கட்டிக் கொண்டா" என்று சொல்லியிருக்கிறார். சொன்ன வாயோடு, புதூர்ப் பக்கம் புதுசாக ஒரு ஷெட் போடப்போவதாகவும் அதற்கு நம்பிக்கையான ஆள் ஒருவன் மேஸ்திரியாக வேண்டும் என்றும் சொன்னாராம். இரண்டையும் அவர் தனித்தனியாகத்தான் சொன்னார். அறுந்த இழைகளை வாழ்க்கை முழுக்க முடிச்சுப் போட்டவர் என் நைனா. அந்த இரண்டு பேச்சையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மேஸ்திரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மேஸ்திரிக்கு ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவர் தறிக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. நிற்பவர்களைத் திட்டினால் போதும். ராத்திரி ஷிப்ட் கிடையாது. நைனாவுக்கு நின்று நின்று கணுக்கால் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீரும் உப்பும் வைப்பாள். நாற்காலி கிடைத்தால் வெந்நீர் மிச்சம் என்று எனக்குக் கணக்கு.

கப்பல் என்னுடையது இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கை கழுவாமல் அதைத் தொடக் கூடாது. தெருப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது. பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பார்க்க மட்டும் அனுமதி. நீலக் கடலைக் கிழித்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று ஒரு கப்பல். அந்தப் படத்தை எடுத்தவன் உள்ளே இருந்த சாமான்களைப் பார்த்திருக்கவே மாட்டான்.

கப்பலின் உடம்பு இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டாக இருந்தது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. முன்பக்கம் சேர்த்தால் பின்பக்கம் வாயைப் பிளக்கும்; பின்பக்கத்தைப் பிடித்தால் முன்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இடப்பாதி நேராக இருந்தது. வலப்பாதி வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. மேல்தளத்தை வைத்தால் உள்ளே விழுந்துவிடும். புகைபோக்கிக்கு என்று விட்டிருந்த ஓட்டையில் புகைபோக்கி நுழையாது. கொடிக்கம்பம் நுழையும், ஆடும். செய்முறைத் தாளில் பாதியை முதலாளி மகன் கிழித்திருந்தான். மீதிப் பாதி எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் இருந்தது. எனக்குத் தெரிந்திருந்ததே பள்ளிக்கூடத்துத் தெலுங்கும் வீட்டுத் தமிழும், இரண்டும் அரைகுறை.

நான் எஞ்சினீர் அல்லவா, விடவில்லை. பிளேடால் சுரண்டினேன். உப்புத்தாளில் தேய்த்தேன். கடையில் விற்கிற சின்னக் குப்பிப் பசையைப் பிதுக்கி இரண்டு பாதிகளையும் அமுக்கிப் பிடித்தேன். பாதிகள் ஒட்டவில்லை, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. அம்மா தேங்காய் எண்ணெய் ஊற்றினாள், மண்ணெண்ணெய் ஊற்றினாள், கடைசியில் வேறு வழியில்லாமல் அவளே சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். நாலாம் வகுப்புப் பாஸான எஞ்சினீர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நைனா தினமும் வேலையிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது கப்பலைத்தான். காலைக் கழுவாமல்கூட வந்து குந்துவார். அவர் ஒரு பாதியைப் பிடிப்பார், நான் ஒரு பாதியைப் பிடிப்பேன். அத்தனை நேரம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்கு முன்னால் கிடையாது. முதலாளி வீட்டில் எப்போ முடியும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பார். மேஸ்திரி ஆனதும் முதல் வேலையாக எனக்கு ஒரு திருப்புளி செட் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

அம்மா மூலையில் ராட்டையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் ராட்டையை நிறுத்தாமலே சொன்னாள்: "குடுக்கறவன் கப்பலு இல்லாமயே குடுப்பான்யா. குடுக்காதவனுக்கு நீ ரயிலே கட்டிக் குட்த்தாலும் ஏறிக்கினு பூடுவான்."

நான் ரயிலுக்கும் இப்படிப் பெட்டி விற்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தறிகளுக்குக் கரண்டு நிறுத்துகிற நாள் வந்தது. அன்றைக்கு நைனாவுக்கு வேலை இல்லை. கப்பலை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, இது நூல் மாதிரிதான், விறைப்பு இல்லாததால் தொய்கிறது என்றார். எங்கள் ஜனங்களுக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்: இழுத்துக் கட்டு, கஞ்சி போடு, வெயிலில் காய வை. நூல் கேட்கிறது, கப்பல் கேட்காதா?

எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் கைத்தறி இருந்தது. காலையில் சேலைக்கான நீள நூல்களைத் தெரு நீளத்துக்கும் பாவாக விரித்து, இரண்டு முனையிலும் மூங்கிலைக் குறுக்காக நட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டி, நூலுக்குக் கஞ்சி தேய்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குப் பாவு போட்டிருந்தார். நைனா கப்பலின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே பசை விட்டு, மேலே நூலை நெருக்கமாகச் சுற்றினார். முனையிலிருந்து முனை வரை, இடுக்குத் தெரியாமல் சுற்றினார். சுற்றியதன் மேல் கெட்டியாகக் கஞ்சியும் பூசினார். பிறகு கப்பலின் மூக்கில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு கட்டி, பாவு முடிகிற இடத்தில் மூங்கிலுக்கும் தரையில் அடித்த முளைக்கும் நடுவே, விண்ணென்று இழுத்துக் கட்டிவிட்டார். கோடை வெயில். நான் காக்காய் ஓட்ட உட்கார வைக்கப்பட்டேன்.

தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சேலைப் பாவின் நுனியில் கப்பல் தொங்குவதை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர், இது எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று கேட்டார். சென்னைக்கு என்று சொன்னேன்.

மத்தியானம் நைனா நூலைப் பிரித்தார். இடைவெளியைக் காணோம். இரண்டு பாதிகளும் அப்படியே சேர்ந்து ஒன்றாகி நின்றன. நைனா என்னைத் தூக்கிச் சுற்றினார். வெயிலில் இளகிய பிளாஸ்டிக், இழுத்த இழுப்பில், மொத்தக் கப்பலையும் இடதுபக்கம் திருப்பிக் காய்ந்திருந்தது என்பது மேல்தளத்தை வைக்கப்போனபோதுதான் தெரிந்தது. பஸ் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறவன் மாதிரி கப்பல் ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் நூல் அழுந்திய வரிகள் வேறு, வேட்டி கட்டினதுபோல.

நைனா அதைத் தரையில் வைத்துவிட்டு வாசல்வரை பின்னால் நடந்து போய்ப் பார்த்தார்.

"தூரத்துல இருந்து பாத்தா, கப்பலு திரும்பிக்கினு கீற மாதிரியே கீதுடா."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கொஞ்சநேரம் பார்த்தால் அது திரும்புவதுகூடத் தெரிந்தது. மேல்தளத்தைப் பசையாலேயே உட்கார வைத்தோம். புகைபோக்கியைச் சீவிச் சொருகினோம்.

ஞாயிற்றுக்கிழமை நைனா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மாவின் கல்யாணத் தாம்பாளத்தில் கப்பலை வைத்து, அதன்மேல் புதுத் துண்டைப் போர்த்தி, சீர் கொண்டு போகிறவர் மாதிரி முன்னால் நடந்தார். நான் எஞ்சினீர், காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். முதலாளி வீட்டுக் கூடத்தில் மின்விசிறி ஓடியது. எங்களை உட்காரச் சொல்லவில்லை. நைனா தாம்பாளத்தை மேஜைமேல் வைத்துத் துண்டை எடுத்தார்.

முதலாளி மகன் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பெட்டியில் இருந்த படத்தையும் பார்த்தான்.

"டாடி, இதி வங்கரகா உந்தி" என்றான். கோணலாக இருக்கிறதாம்.

அப்போது நைனா ஒரு காரியம் செய்தார். கோணலுக்குச் சமாதானம் சொல்லாமல், அது எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்ல ஆரம்பித்தார். முதலாளியும் எங்கள் ஜனம்தான்; அவர் அப்பாவும் தெருவில் பாவு போட்டவர்தான். கேட்டால் மெச்சிக்கொள்வார் என்று நினைத்திருக்க வேண்டும். நூல் சுற்றியதையும் கஞ்சி பூசியதையும் மூங்கிலில் இழுத்துக் கட்டியதையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, நைனாவை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நைனா மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை கையால் காட்டவில்லை.

கடைசியில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எட்துக்கினு போ. உம் பையனே வெச்சிக்கினு வெளாடட்டும். இவனுக்கு மெட்ராஸ்ல இருந்து வேற வரும்" என்றார்.

என் காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. கப்பல் எனக்கு. கை கழுவாமல் தொடலாம். தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காட்டலாம். நான் அதை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, துண்டுகூட மூடாமல், தெரு நடுவே ஓடினேன். நைனா வெறும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசி எடுக்கவில்லை போலும் என்று நினைத்தேன். எனக்கும்தான் எடுக்கவில்லை. அம்மா மட்டும் ஏன் ராட்டையை அத்தனை வேகமாகச் சுற்றினாள் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

இப்போது நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளூர்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். பொருந்தாவிட்டால் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இழுத்துக் கட்ட யாரும் சொல்வதில்லை.

அந்தக் கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் புது ஷெட்டும் திறந்தது. வாசல் நாற்காலியில் முதலாளியின் மைத்துனர் உறவில் ஒருவர், புத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்தார். அதை வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த தகவலே வேறு. தறிக்காரர்கள் நைனாவை "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வெறும் மேஸ்திரி இல்லை, கப்பல் மேஸ்திரி. நான் என் காதால் கேட்டேன். நாற்காலி கொஞ்சம் தாமதமாக வரும்போல என்று முடிவு செய்து, வகுப்பில் எல்லோரிடமும் எங்கள் நைனா மேஸ்திரி ஆகிவிட்டார் என்று சொல்லி வைத்தேன்.

ஒரு சாயங்காலம் நைனாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இன்னா கப்பல் மேஸ்திரி, எந்தப் பக்கம் திரும்பிக்கினு போற?"

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. பெரிய மனிதரைப் பார்த்தால் ஊர் சிரித்த முகத்தோடு பேசுவது வழக்கம்தானே. நைனா பேச மாட்டார் என்று தெரிந்ததால், "பஜாருக்கு" என்று நானே மரியாதையாகப் பதில் சொன்னேன். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். நைனா என் கையை உதறிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடக்க ஆரம்பித்தார். அந்தக் கணுக்காலை வைத்துக்கொண்டு அவர் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. பதவி வந்தவர்கள் இப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, நானும் நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி வீசி, அவரை எட்டிப் பிடிக்க நடந்தேன்.