இருபத்தேழு உருப்படி நீலம்

என் வீட்டுக்காரருக்குப் பிடிச்ச கலர் நீலம். இதுல என்ன பெரிய விசேஷம்னு கேப்பீங்க. உலகத்துல பாதிப் பேருக்கு நீலம்தான் பிடிக்கும், அவங்கல்லாம் ஒழுங்கா குடித்தனம் பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. எங்க வீட்ல மட்டும் அது ஒரு அரசாங்கம்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, நான் வேலைக்குப் போக ஆரம்பிச்ச புதுசு. ஒரு ஞாயித்துக்கிழமை செல்போனும் கையுமா வந்து நின்னு, "இனிமே நான் கேப்சூல் வார்ட்ரோப்"ன்னார். கேப்சூல்னதும் ஜுரம்தான் வந்திருக்குன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். அது இல்லையாம். பிடிச்ச கலர் ஒண்ணை நடுவுல வெச்சுக்கிட்டு, அதோட ஒத்துப்போற துணியை மட்டும் அளவா வெச்சுக்கணுமாம். கண்ணை மூடிக்கிட்டு எதை எடுத்து எதோட போட்டாலும் பொருந்துமாம். காலையில யோசிக்கவே வேண்டாமாம். இப்ப மட்டும் யோசிச்சுக் கிழிக்கிறீங்களாக்கும்னு நினைச்சேன். நினைச்சதோட விடல, சொல்லவும் சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் வீட்ல களையெடுப்பு. என் அம்மா ஆசையா எடுத்துக் குடுத்த சட்டை, நான் மூணு கடை ஏறி இறங்கி வாங்கின சட்டை, ஒண்ணு விடாம மூட்டை கட்டித் தானம் பண்ணிட்டார். கர்ணன் பரம்பரை. மிஞ்சினது மொத்தம் இருபத்தேழு உருப்படி. வெளிர் நீலச் சட்டை ஏழு, அடர் நீலம் நாலு, பேன்ட்டெல்லாம் கருநீலம், சாக்ஸ்கூட கருநீலம். நடுநடுவே ஊறுகாய் மாதிரி கொஞ்சம் சாம்பலும் வெள்ளையும். ஒவ்வொண்ணுக்கும் காலர் பட்டையில மார்க்கர்ல நம்பர். பீரோக் கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டவணை. திங்கட்கிழமை மூணாம் நம்பர் சட்டை, பதினாலாம் நம்பர் பேன்ட், இருபத்தொண்ணாம் நம்பர் சாக்ஸ். கட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டிக்கு மட்டும்தான் நம்பர் குடுக்கல.

துணிக்கடைக்கு அவரோட போறது தனிக் கொடுமை. ஒரு சட்டையைக் கையில எடுப்பார். "இது நீலம்தானே? வேற கலர் எதுவும் கலக்கலையே?"ன்னு கடைக்காரரைக் கேப்பார், பால்ல தண்ணி கலந்தியான்னு கேக்கற மாதிரி. பில் போடற பொண்ணை ஒரு தடவை கேப்பார். வெளியே வந்து என்னைக் கேப்பார். "கோர்ட்ல வேணா எழுதிக் குடுக்கறேன், நீலம்தான்"னு சொன்னப்புறம்தான் வண்டி நகரும். அடுக்ககத்துல அவர் பேரே மறைஞ்சு போச்சு. வாட்ச்மேன்ல இருந்து மாடி வீட்டுக்காரங்க வரைக்கும் 'நீலம் சார்'. எனக்கு 'நீலம் சார் வீட்டம்மா'. அடையாளம் இல்லாம இருந்தவளுக்கு அப்படி ஒரு பட்டம்.

அவர் வேலை டைல்ஸ் கம்பெனி ஸ்டோர்ல, பதினாலு வருஷமா. பெட்டியில இருக்கிற நம்பரைப் பார்த்து அடுக்கணும், கேக்கறப்ப எடுத்துக் குடுக்கணும். ஒரு பெட்டி முப்பது கிலோ. போன வருஷம் முதுகுல ஜவ்வு நழுவி மூணு வாரம் படுக்கையில கிடந்தார். இனிமே பாரம் தூக்கக் கூடாதுன்னார் டாக்டர். டைல்ஸ் ஸ்டோர்ல இருந்துக்கிட்டு பாரம் தூக்காதேன்னா, மீனைப் பார்த்து நனையாதேன்னு சொல்ற கதைதான். சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறதுக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அந்த நேரத்துலதான் ஷேடு மேசை காலியாச்சு. ஒரே டிசைன் டைல்ஸா இருந்தாலும், சூளையில இருந்து ஒவ்வொரு தடவை வர்றப்பவும் கலர் ஒரு நூலிழை மாறும். கலந்து ஒட்டினா தரை பூரா தேமல் விழுந்த மாதிரி ஆயிடும். அதனால ஏசி ரூம்ல, பெரிய விளக்குக்கு அடியில உட்கார்ந்து, இது இதோட சேரும், இது சேராதுன்னு ஒருத்தர் பிரிக்கணும். அங்க இருந்தவர் ரிட்டயர் ஆயிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை, நாற்காலி, ஒரு பெட்டியைக்கூடத் தொட வேண்டாம். கலர் விஷயத்துல நீலம் சாரை மிஞ்ச ஆள் ஏதுன்னு மேனேஜரே சொல்றாராம். அந்த நாற்காலி இவருக்குக் கிடைக்கணும், இவர் முதுகு பிழைக்கணும். எனக்கு வேற ஒரு வேண்டுதலும் இல்ல. தினமும் கேப்பேன், "என்ன ஆச்சு?" "இன்னும் முடிவாகல"ம்பார். அப்படிச் சொல்றப்ப முகம் மட்டும் ஜன்னல் பக்கம் போயிடும்.

இதுக்கு நடுவுல நான் ஒரு பாவம் பண்ணினேன். புதுசா வாங்கின சிவப்புப் போர்வையை, சாயம் போகும்னு தெரிஞ்சும், அவசரத்துல அவரோட வெளிர் நீலச் சட்டைகளோட சேர்த்து வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். அதுவும் சுடுதண்ணியில. மூடியைத் திறந்தா ஏழு சட்டையும் பளபளன்னு கத்தரிப்பூ கலர். ஒரு நூல் மாறினாலும் கடைக்காரனை உயிரோட உரிக்கிற மனுஷன். என்னை என்ன பண்ணப் போறாரோ, சரி, விதி விட்ட வழின்னு காய வெச்சு, இஸ்திரி போட்டு, பீரோவில மாட்டி வெச்சேன்.

மறுநாள் காலையில பீரோவைத் திறந்தார். நான் அடுப்படியில பாத்திரம் கழுவற மாதிரி காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். அட்டவணையைப் பார்த்தார், மூணாம் நம்பரை எடுத்தார், போட்டார். கண்ணாடி முன்னாடி நின்னு காலரை இழுத்து விட்டார். "இஸ்திரி நல்லா போட்டிருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

சரி, கோபத்தை உள்ள வெச்சுக் குத்திக் காட்டறார்னு நினைச்சேன். பதினோரு வருஷக் குடித்தனத்துல அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது, அந்த இலாகா என்னோடது. இருந்தாலும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு நாள், அஞ்சு நாள், ஒரு வாரம். ஏழு கத்தரிப்பூவும் சுத்தி வந்தது. வாயே திறக்கல. "ஆபீஸ்ல எல்லாரும் சட்டை நல்லாருக்குன்னாங்க, உன் இஸ்திரியைச் சொல்லணும்"னு ஒரு நாள் சந்தோஷமா வேற சொன்னார். எங்கயோ இடிக்குதேன்னு எனக்குப் பட்டுச்சு. ஆனா திட்டு வாங்காம தப்பிச்சவ, போய் 'ஏன் திட்டல'ன்னு கேப்பாளா?

நான் பல் டாக்டர் கிளினிக்ல வரவேற்பு மேசையில உட்கார்ந்திருக்கிறவ. நாள் முழுக்க வாயைத் திறந்து வெச்ச ஜனங்க நடுவுல பிழைப்பு. ரெண்டு வாரம் கழிச்சு அங்க வேர் சிகிச்சைக்கு வந்தாங்க மேனேஜர் வீட்டம்மா. பாதி வாய் மரத்துப் போன நிலையிலயும் அந்தம்மாவுக்கு என்கிட்ட சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

"ஏம்மா, புருஷனுக்கு வர்ற பதவியைக் கெடுக்கிறியே, நியாயமா?"

"என்னங்க சொல்றீங்க?"

"அதான், அந்த ஷேடு மேசையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாராமே. 'என் மனைவிக்கு விருப்பமில்லை'ன்னு. எங்க வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்படறார். கையில விழுந்த பழத்தை யாராவது வீசுவாங்களா?"

நான் சிரிச்சேன். மேசையில இருந்த ரசீதுப் புத்தகத்தைத் தலைகீழா திருப்பி வெச்சேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வீட்டுக்குப் போறவரைக்கும் எப்படி நடந்தேன்னு எனக்கே தெரியாது.

அவர் வந்து செருப்பைக் கழட்டக்கூட நான் விடல.

"எனக்கு விருப்பமில்லைன்னு உங்ககிட்ட எந்த ஜென்மத்துல சொன்னேன்?"

அவருக்குப் புரிஞ்சுபோச்சு. அப்படியே சுவர்ல சாய்ஞ்சு நின்னார்.

"வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

"முதுகு உடைஞ்சு மூலையில கிடக்கறதுன்னா இனிக்குது, நாற்காலியில உட்காரறதுன்னா கசக்குதா?"

"அந்த வேலை எனக்கு வராது."

"நம்பர் போட்டு சாக்ஸ் மாட்டற ஆளுக்கு வராதா? கலர்ல உங்களை மிஞ்ச ஆள் இல்லைன்னு..."

"எனக்குக் கலர் தெரியாது."

சாதாரணமாத்தான் சொன்னார், மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்ற குரல்ல. சிவப்பு, பச்சை, பிரவுன் எல்லாம் அவர் கண்ணுக்கு ஒண்ணோட ஒண்ணு கலங்கித்தான் தெரியுமாம், பிறந்ததுல இருந்தே. கல்யாணமானப்புறம் தினமும் நான் எடுத்து வெச்ச துணியைப் போட்டுக்கிட்டதால பிழைச்சாராம். நான் காலையில சீக்கிரம் வேலைக்குக் கிளம்ப ஆரம்பிச்சதும், அவரா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போன முதல் நாளே, பச்சைச் சட்டைக்குச் சிவப்பு சாக்ஸ். ஸ்டோர்ல இருந்தவங்க ரெண்டு மாசம் 'ட்ராஃபிக் சிக்னல்'னு கூப்பிட்டாங்களாம். அப்புறம்தான் கேப்சூல்.

பழுத்த தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா காயா வாங்கிட்டு வந்து நின்ன நாளெல்லாம் எனக்கு வரிசையா ஞாபகம் வந்தது. கவனம் இல்லாத மனுஷன்னு எத்தனை தடவை திட்டியிருப்பேன். அதை விடுங்க. இந்த மனுஷன் உலகத்துல வேற வேலையே கிடைக்காம டைல்ஸ் கம்பெனியில பதினாலு வருஷம் இருந்திருக்கார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சதோட நிக்கல, பூசணிக்காய் பத்தி அறிவுரை சொல்ல ஆளைத் தேடறாங்களாம், அதுக்கு இவரைக் கூப்பிடறாங்களாம்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீ சிரிப்பே."

அது என்னைச் சுட்டது. பொய்யா இருந்தா சண்டை போட்டிருப்பேன்.

"உள்ளதைச் சொல்லிடுங்க அவங்ககிட்ட"ன்னேன்.

"டைல்ஸ் கம்பெனியில கலர் தெரியாத ஆளா? தெரிஞ்சா ஸ்டோர்லயே வெச்சிருக்க மாட்டாங்க. இந்த வயசுல எங்க போவேன்?" அப்புறம் சட்டையைத் தடவி விட்டுக்கிட்டார். "நீலம் மட்டும் எனக்கு நிச்சயமா தெரியும். அதுல மட்டும் யாரும் என்னை ஏமாத்த முடியாது. அதை வெச்சுதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

அவர் தடவினது கத்தரிப்பூ கலர்.

எங்க கிளினிக்குக்கு வர்றவங்க வாயெல்லாம் சேர்த்தாலும் என் வாய்க்கு ஈடாகாது. அது அன்னைக்கு மூடிக்கிச்சு. இந்தாங்க டீன்னு குடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு, அவருக்கு அரை நாள் வேலை. அவர் கிளம்பினதும் கடைக்குப் போய் அடர் நீலச் சாயப் பொடி வாங்கிட்டு வந்தேன். தண்ணியைக் கொதிக்க வெச்சு, உப்பும் பொடியும் கரைச்சு, பக்கெட்ல ஆறு சட்டையை முக்கினேன். ஏழாவது அவர் உடம்புல இருந்தது. கேட்டா, வெயில்ல வெளுத்துப் போச்சு, அதான் சாயம் ஏத்தினேன்னு ஒரு பொய்யை ரெடியா வெச்சிருந்தேன். கையுறை போடணும்னு பாக்கெட்ல எழுதியிருந்தது, நான் எங்க படிச்சேன்? முழங்கை வரைக்கும் நீலம். ஆறையும் பிழிஞ்சு பால்கனிக் கொடியில போட்டுட்டு நிமிர்ந்தா, வாசல் மணி அடிக்குது.

அவர் நிக்கறார். பக்கத்துல மேனேஜர்.

"என்னம்மா, வீட்ல சாயப்பட்டறையா?"ன்னார் மேனேஜர், என் கையைப் பார்த்து.

"பொழுது போகலங்க"ன்னேன்.

மேனேஜர் சோபாவில உட்கார்ந்தார், என் வீட்டுக்காரர் உட்காரல. "நான் சுத்தி வளைக்கலம்மா. உங்ககிட்ட பேசத்தான் இவரையும் இழுத்துக்கிட்டு வந்தேன். இவருக்கு இருக்கிற கண் எங்க கம்பெனியில ஒருத்தருக்கும் கிடையாது. நாலு வருஷமா நீலத்துல ஒரு பிசகு உண்டா? இப்ப பாருங்க, ரெண்டு வாரமா எவ்வளவு அழகா கத்தரிப்பூவுக்கு மாறிட்டார். இந்தப் பேன்ட்டுக்கு இந்தக் கத்தரிப்பூ போடணும்னு யாருக்காவது தோணுமா?"

என் வீட்டுக்காரர் கை சட்டைப் பையில பேனாவைத் தேடிக்கிட்டிருந்தது. அங்கேயே நின்னுபோச்சு. அவர் சட்டையைக் குனிஞ்சு பார்க்கல, என்னைத்தான் பார்த்தார். நான் திரும்பிப் பார்க்கல. பார்த்திருந்தா அங்கேயே அழுதிருப்பேன்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னார் மேனேஜர். "திங்கட்கிழமை ஆர்டர் போட்டுடறேன்."

நான் மாசக்கணக்கா ஏங்கின நாற்காலி. என் சோபாவுக்கே நடந்து வந்து உட்கார்ந்திருக்கு.

"முடியாதுங்க"ன்னேன். "எழுதினது அவர், வேண்டாம்னு சொன்னது நான். பெரிய வேலைன்னா தலைக்கனம் வந்துடும். எனக்கு இவர் ஆறு மணிக்கு வீட்ல இருக்கணும், சொன்ன பேச்சைக் கேக்கணும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு? வேணும்னா பெட்டி தூக்கறதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. அவருக்கு முதுகு சரியில்ல."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில ஒரு ராட்சசிக்கு வேண்டிய எல்லா மரியாதையும் இருந்தது. "பார்க்கலாம்"னு எழுந்தார். என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார், துக்கம் கேக்க வந்தவர் மாதிரி. திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் கம்பெனி பூரா என் புகழ் பரவிடும், மேனேஜர் வீட்டம்மா பல்லுக்கு வலிச்சாலும் வாய்க்கு வலிக்காது.

கதவைச் சாத்திட்டுத் திரும்பினேன். அவர் பால்கனியில நின்னார். கொடியில ஆறு சட்டையும் சொட்டிக்கிட்டிருந்தது.

"இதெல்லாம் இப்ப நீலமா?"

"நீலம்."

"எத்தனை நாளா இல்ல?"

"பதினெட்டு நாளா. என் தப்புதான். போர்வை சாயம்."

அவர் பக்கெட்டைக் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் போட்டிருந்த சட்டையை ரெண்டு விரலால பிடிச்சு, என் பக்கம் நீட்டிக் காட்டினார். கண்ணு ரெண்டும் கலங்கியிருந்தது.

"கழட்டிக் குடுங்க"ன்னேன். "தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கு."