ஈரச் சுவருக்குச் சாயம் கிடையாது

திருச்செல்வம் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிவிட்டால் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. முதலில் வலது கன்னம், பிறகு இடது. அப்புறம் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார்.

"தண்ணி குடிச்சிருக்கு லா. இப்ப தக் பொலே."

முடியாது என்பதை மலாயில்தான் சொல்வார். தமிழில் சொன்னால் எல்லாரும் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்களாம்.

எங்கள் மலையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வீடுகளுக்கு உள்ளும் புறமும் சாயம் பூசுகிறவர். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஏணியைக் கட்டிக்கொண்டு அவர் வளைவில் வந்தால் காய்கறி லோரிக்காரர்கள்தான் ஒதுங்க வேண்டும். வேலைக்கும் இஸ்திரி போட்ட சட்டைதான். அதில் ஒரு சொட்டுச் சாயத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. பூசிய கதவில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டால் போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் பூசினால்தான் நிம்மதி.

கன்னத்தை மட்டும் நம்புகிறவரும் இல்லை. கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்குக் கூரையாகப் போடுகிற பிளாஸ்டிக்கில் கையகலத் துண்டு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் உள்பக்கம் நீர் கோத்து நின்றால் டப்பாவைத் திறக்க மாட்டார். சண்டை போடுகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே பர்ஸில், மனைவி பூவிழியின் படத்துக்குப் பின்னால், காய்ந்த நீலச் சாயத்தின் செதில் ஒன்றை வைத்திருக்கிறார்.

"இது என் மச்சான் வூட்டுச் சுவரு. அவசரப்படுத்துனாரு, நானும் அடிச்சுட்டேன். தைப்பூசத்துக்குள்ள அப்பளமாப் பொங்கிருச்சு."

நம் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷத்தில் மற்ற மாதமெல்லாம் சுவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மலையில் மழை கொட்டுகிற ஐப்பசியில்தான், தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்ற ஞானம் பிறக்கும். அதனால் அந்த ஒரு மாதம் திருச்செல்வம் வாங்குகிற ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. சென்ற தீபாவளிக்கு அவரை அதிகமாக ஏசியவர் வேலாயி அக்கா. கூட நின்று ஏசியது நான்.

என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அக்காவுடையது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலை பறித்தவர். பிறந்தது, கட்டிக்கொண்டது, பிள்ளை பெற்றது எல்லாம் தோட்டத்து லைன் வீட்டில்தான். அந்த வீட்டுக்கு என்ன நிறம் என்பதைத் துரை முடிவு செய்வார். கீழே பச்சை, மேலே வெள்ளை. வேலையிலிருந்து நின்ற பிறகு, சேமிப்பையெல்லாம் போட்டு ரிங்லெட்டில் இந்தச் சின்ன வீட்டை வாங்கினார். சொந்த வீட்டில் முதல் தீபாவளி.

"பச்சை மட்டும் வேணாம் தம்பி. பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. நல்ல மாம்பழ மஞ்சளா அடி. தீபாவளி அன்னிக்கு ரோட்டு வளைவுலேருந்து பாக்கறவன் 'அது வேலாயி வூடு'ன்னு சொல்லணும்."

உள் அறைகள் தேறிவிட்டன. இரண்டு பூச்சு அடித்து முடித்தார். சாலையைப் பார்த்த முன்சுவர்தான் தேறவில்லை. ஏணி போட்டு ஏறி, கூரைத் தண்ணீர் ஓடும் தகரம் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்து அடைத்தார். அப்படியும் ஒன்பது நாள், காலையில் வந்து பார்த்தால் பிளாஸ்டிக்கின் உள்ளே நீர்தான். பத்தாம் நாள் அக்கா பொங்கிவிட்டார்.

"என் வூடு, என் சுவரு. உரிஞ்சா உரிஞ்சிட்டுப் போவுது. நீ அடி தம்பி."

"சுவரு உங்களோடதுதான் அக்கா. சாயம் என்னோடது லா. தக் பொலே."

"ஒரு பூச்சாவது அடித்துவிட்டுப் போங்களேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். பதிலுக்குப் பர்ஸை எடுத்தார். அந்தச் செதிலைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஆசையாகக் கேட்கிற ஒரு வயதான மனுஷியிடம் இப்படியா பிடிவாதம் பிடிப்பார்கள்?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசல் கதவைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்துவிட்டுக் கதவோடு போய்விட்டார். அக்கா பின்வாசல் வழியாகப் போய் வந்துகொண்டு, "சுவரைக் கேட்டா கதவையும் கொண்டு பூட்டான்" என்று தெரு முழுக்கச் சொன்னார். கதவு திருச்செல்வம் வீட்டு அடுப்பங்கரையில் காய்ந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு முதல் நாள் மாலை அது மாம்பழ மஞ்சளாகத் திரும்பி வந்தது. தூக்கி வந்ததில் கீறியிருக்கும் என்று மாட்டிய பிறகு இன்னொரு பூச்சும் அடித்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. குளுருல காய மாட்டேங்குது."

விடிந்ததும் தீபாவளிப் பலகாரத்தோடு திருச்செல்வம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நரைத்த சிமெண்டுச் சுவருக்கு நடுவே மஞ்சள் கதவு. கதவில் மூன்று குங்குமப் பொட்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அக்கா, வழக்கம்போலக் குங்குமத்தைக் குழைத்து விரலால் வைத்துவிட்டார். ஈரச் சாயத்தில் குங்குமம் நன்றாகப் பதிந்துபோயிருந்தது.

"கைப்பழக்கம் தம்பி, மறந்தே பூட்டேன்."

திருச்செல்வம் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "காயட்டும் லா. சுவரு அடிக்க வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.

தைப்பூசம் முடிந்த வாரம் பிளாஸ்டிக் மூன்று நாள் காலையிலும் காய்ந்தே இருந்தது. முன்சுவருக்கு அடிப்பூச்சும், அதன்மேல் இரண்டு பூச்சு மஞ்சளும் அடித்தார். வேலை முடிந்ததும் அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் சாலை வளைவு வரை நடந்து, திரும்பி நின்று பார்த்தார். "தெரியுது தம்பி, இங்கேருந்தே தெரியுது" என்று அங்கிருந்தே கத்தினார்.

திருச்செல்வம் கதவின் முன்னால் நின்றிருந்தார். வெயில் மழைக்குத் தாங்க அதற்குக் கடைசிப் பூச்சு பாக்கி. கையில் உப்புத்தாள். போச்சு, கொசுவையே விடாதவர் குங்குமத்தையா விடப்போகிறார் என்று நினைத்தேன். கதவு முழுக்கத் தேய்த்தவர், பொட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷைத் தேடி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குங்குமத்தின் மேல் ஒரு துளி படாமல் மூன்றையும் சுற்றிப் பூசினார்.